மானியத்தில் வந்த கண்ணாடி

ஜனவரி 8

அன்புள்ள அண்ணிக்கு,

போனில் நான் ஒரு வரி சொல்வதற்குள் நீங்கள் நாலு வரி சொல்லிவிடுகிறீர்கள். போன வாரம் பாதியில் வைத்தும் விட்டீர்கள். அதனால்தான் கடிதம். இதில் நீங்கள் குறுக்கே பேச முடியாது.

அன்றைக்குச் சொல்ல வந்ததை முழுசாகச் சொல்லிவிடுகிறேன். சின்னக் கடைக்காரர்களுக்காக அரசாங்கம் ஒரு பாதுகாப்பு மானியம் கொண்டுவந்திருக்கிறது. கடையின் பத்திரத்துக்காகச் செய்கிற வேலைகளுக்குச் செலவில் பெரும்பங்கை அவர்களே தருவார்கள். நம் மருந்துக்கடைக்கு நான் கேட்டிருப்பது: முன்பக்கம் புது ஷட்டர், பின்கதவுக்கு ஒரு கேமராவும் மணி அடித்தால் உள்ளேயிருந்து திறக்கிற பூட்டும், காலால் மிதித்தால் அலாரம் அடிக்கிற பட்டன், கவுண்டர் மேலே கூரை வரைக்கும் தடித்த கண்ணாடி.

கண்ணாடி என்றதும்தான் நீங்கள் போனை வைத்தீர்கள். தெரியும்.

அவர்கள் ஆள் வந்து பார்ப்பதற்கு முன்னால் ஓர் ஆணிகூட அடிக்கக் கூடாதாம். கடைக்கு எத்தனை உரிமையாளர்களோ அத்தனை பேரும் கையெழுத்துப் போட வேண்டுமாம். மருந்தாளுநர் உரிமம் என் பேரில் இருந்தாலும் கடை நம் இருவர் பேரிலும்தான் இருக்கிறது. "ஒருத்தி இல்லாம இன்னொருத்தி பஞ்சுகூட விக்கக் கூடாது" என்று சொல்லிக்கொண்டே அண்ணன் அப்படி எழுதிவைத்தார். எங்கள் அண்ணனுக்கு எப்போதும் தமாஷ்தான். அவஸ்தை நமக்கு.

நவம்பரில் கடையில் ஒரு சின்னத் திருட்டு நடந்தது. பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஆனாலும் கடையில் இப்போது நான் ஒருத்தி. நீங்கள் மகன் வீட்டுக்குப் போனபிறகு வேறு ஆள் வைத்துக்கொள்ளவில்லை.

விண்ணப்பத்தை இதோடு வைத்திருக்கிறேன். பென்சிலால் குறி போட்ட இடத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள். முழங்கால் எப்படி இருக்கிறது? அறுவை சிகிச்சைக்குத் தேதி கொடுத்துவிட்டார்களா?

உங்கள் நாத்தனார்


ஜனவரி 19

அடியே,

உன் கடிதத்தைப் படிக்க அரை நாள் ஆயிற்று. காலமெல்லாம் டாக்டர் சீட்டைப் படித்துப் படித்து உன் கையெழுத்தும் அப்படியே ஆகிவிட்டது.

ஷட்டர் போடு. கேமரா போடு. பட்டன் வேண்டுமானால் பத்து போடு. கண்ணாடிக்குக் கையெழுத்துப் போட மாட்டேன். கண்ணாடி போட்டு நடுவில் ஓட்டை வைத்தால் அது மருந்துக்கடை இல்லை, டிக்கெட் கவுண்டர்.

அந்தக் கடைக்கு எப்படிப் பேர் வந்தது என்று மறந்துவிட்டாயா? நாம் கடை போட்ட புதிதில் ஒரு பெண் தினமும் வருவாள். கல்யாணமாகிக் கொஞ்ச நாள்தான் இருக்கும். எல்லோரையும் முன்னால் போகவிட்டு ஓரமாகவே நிற்பாள். கடைசியில் அவள் முறை வந்ததும் ஒரு பொட்டலம் பஞ்சு வாங்கிக்கொண்டு போய்விடுவாள். ஒரு வாரம் பஞ்சு! வீட்டில் மெத்தை தைக்கிறாளோ என்று நீ கேட்டாய். எட்டாவது நாள் நான் கவுண்டர் ஓரத்துப் பலகையைத் தூக்கி, அவள் கையைப் பிடித்து உள்ளே இழுத்து, அலமாரிக்குப் பின்னால் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார வைத்தேன். "இப்ப சொல்லும்மா, இங்க சுவருக்குக்கூட கேக்காது" என்றேன். அரை மணி நேரம் அழுதாள். பிறகுதான் சொன்னாள். நீ அதற்கு மருந்து கொடுத்தாய், டாக்டரிடமும் அனுப்பிவைத்தாய்.

அதற்கப்புறம் அந்த ஸ்டூல் காலியாக இருந்ததா? கணக்கு வாத்தியார் வயிற்றுப் பூச்சிக்கு வந்து உட்கார்ந்தார். பக்கத்துச் செருப்புக்கடைக்காரர் மூலத்துக்கு வந்து உட்கார முடியாமல் நின்றுகொண்டே சொன்னார். கல்லு மாதிரி இருக்கிற ஆம்பிளைகள் எல்லாம் அந்தப் பலகையைத் தாண்டினதும் எப்படிக் குழைந்துபோவார்கள்! உங்கண்ணன் சொல்வார்: "இந்த ஊர்ல பாதி ரகசியம் என் பொண்டாட்டி வயித்துல இருக்கு, மீதி என் தங்கச்சி வயித்துல இருக்கு. எனக்குத்தான் ஒண்ணும் தெரியாது."

இனி ஓட்டை வழியாகக் கத்துவார்களா? "அம்மா, எனக்கு மூலம், ரெண்டு நாளா ரத்தம்!" என்று? பின்னால் வரிசையில் அவருடைய சம்பந்தி நிற்பார்.

அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. பலகை தூக்கும்போது கீல் ஒரு மாதிரி முனகும். எண்ணெய் விட வேண்டாம் என்று நான்தான் உன்னைத் தடுத்தேன். இங்கே மகன் வீட்டில் எல்லாக் கதவும் சத்தமில்லாமல் மூடுகிறது.

சின்னத் திருட்டுக்குப் பெரிய பூட்டுப் போட்டால் போதும். கையெழுத்து இல்லை.

அண்ணி

அறுவை சிகிச்சை மார்ச் முதல் வாரம். அதுவரை பயணம் கூடாதாம்.


பிப்ரவரி 2

அண்ணி,

உங்கள் கடிதத்தைப் படித்துச் சிரித்தேன். மெத்தை தைக்கிற இடத்தில் வாய்விட்டே சிரித்தேன். அப்புறம் கடையைப் பூட்டிவிட்டு அழுதேன்.

சின்னத் திருட்டு என்று எழுதியது நான் செய்த தப்பு. நடந்ததைச் சொல்கிறேன்.

நவம்பரில் ஒரு மத்தியானம். கடையில் யாரும் இல்லை. இருபத்தைந்து வயது மதிக்கலாம், சுத்தமாக உடுத்தியிருந்தான். கவுண்டர் முன்னால் நின்று நெளிந்தான். "அக்கா, ஒரு விஷயம். இங்க வெச்சு சொல்ல கூச்சமா இருக்கு" என்றான். சுற்றிலும் ஆளே இல்லை, அண்ணி. யாருக்கு முன்னால் கூச்சம் என்று நான் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. பழக்கதோஷம். நானே பலகையைத் தூக்கினேன். நானே "வாப்பா, உக்காரு" என்றேன்.

உட்கார்ந்தான். நான் குனிந்து காதைக் கொடுத்தேன். கழுத்தில் கத்தியை வைத்தான்.

கல்லாவில் இருந்ததை எடுத்தான். தூக்க மாத்திரை இருக்கிற அலமாரியை என்னையே திறக்கச் சொல்லி, பைநிறைய அள்ளிக்கொண்டான். போகும்போது "தேங்க்ஸ் அக்கா" என்று சொல்லிவிட்டுப் போனான். போலீஸ் அவனை இன்னும் பிடிக்கவில்லை.

காயம் எதுவும் இல்லை. ஆனால் கீழ்த்தட்டில் இருக்கிற மருந்தை எடுக்க என்னால் குனிய முடியவில்லை. குனிந்தால் கழுத்து தெரியும் என்று தோன்றுகிறது. யாராவது மெல்லப் பேசினால் கை நடுங்குகிறது. போன வாரம் மாத்திரை எண்ணும்போது கை தவறி இரண்டு மருந்து கலந்துவிட்டது. கொடுப்பதற்கு முன்னால் பார்த்துவிட்டேன். பார்க்காமல் இருந்திருந்தால்? மருந்தாளுநருக்குக் கை நடுங்கினால் அவள் கடையை மூடிவிடுவதுதான் யோக்கியம்.

கண்ணாடி இருந்தால் நான் தொடர்ந்து நிற்பேன். இல்லையென்றால் இந்த மாதக் கடைசியோடு மூடிவிடுகிறேன். விண்ணப்பத்துக்கும் அதுதான் கடைசித் தேதி. மிரட்டலுக்காகச் சொல்லவில்லை. என்னால் முடியவில்லை.

உங்கள் நாத்தனார்


பிப்ரவரி 9

என் கண்ணு,

கையெழுத்துப் போட்டுவிட்டேன். குறி போட்ட இடத்திலும் போட்டேன், போடாத இடத்திலும் ஒன்று போட்டுவிட்டேன். அது செல்லாது என்றால் எழுது, வேறு போட்டு அனுப்புகிறேன். மகன் இன்றே தபாலில் சேர்த்துவிடுவான்.

மூன்று மாசம் இதை உனக்குள்ளேயே வைத்துக்கொண்டிருந்திருக்கிறாய். போனில் பேசும்போதெல்லாம் "சாப்பிட்டீங்களா அண்ணி, கால் வலி எப்படி அண்ணி" என்று கேட்டாய். நானும் ஊர்க்கதை பேசிவிட்டு வைத்தேன். ஊர் ரகசியத்தையெல்லாம் காதும் காதும் வைத்த மாதிரி கேட்டவளுக்கு உன் குரலில் இருந்தது கேட்கவில்லை.

உங்கண்ணன் இருந்திருந்தால் அன்று ராத்திரியே பஸ் ஏறியிருப்பார். என்னைக் கட்டிலோடு கட்டிப்போட்டிருக்கிறது இந்த முழங்கால்.

கண்ணாடி போடு. நல்ல தடிமனாகப் போடு. கடையை மட்டும் மூடாதே.

அண்ணி


மார்ச் 28

அன்புள்ள அண்ணிக்கு,

அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது என்று மருமகன் போனில் சொன்னான். அத்தை அத்தை என்று அவன் சொல்லும்போது அண்ணன் குரல் அப்படியே வருகிறது. நீங்கள் நர்ஸை விரட்டுகிறீர்களாமே. ஒழுங்காக அவர்கள் சொல்கிறபடி நடந்து பழகுங்கள்.

மானியம் கிடைத்துவிட்டது. வேலையும் முடிந்துவிட்டது.

பார்வையிட வந்த அதிகாரி சின்னப் பெண். டேப்பை வைத்து எல்லாவற்றையும் அளந்தாள், படம் எடுத்தாள். அலமாரிக்குப் பின்னால் ஸ்டூலைப் பார்த்துவிட்டு "இது யாருக்கு?" என்றாள். வாடிக்கையாளருக்கு என்றேன். "உள்ளயா?" என்று கேட்டு என்னை ஒரு மாதிரி பார்த்தாள். கதையைச் சொன்னேன். ஆபத்தான வழக்கம், நிறுத்த வேண்டும் என்று எழுதிக்கொண்டாள். பிறகு டேப்பைச் சுருட்டிப் பையில் போட்டாள். வாசலைப் பார்த்தாள். மெதுவாக அந்த ஸ்டூலிலேயே உட்கார்ந்து, "மேடம், எனக்கு முடி ரொம்ப கொட்டுது" என்றாள். நீங்கள் இருந்திருக்க வேண்டும்.

பழைய கவுண்டர் கண்ணாடியைத் தாங்காது என்று அதைக் கழற்றிய அன்று நான் கூடவே நின்றேன். அடியிலிருந்து அண்ணனின் சீப்பு வந்தது. யாருடையதோ மூக்குக்கண்ணாடியின் ஒரு காது. நான் தொலைத்தேன் என்று ஒரு வருஷம் என்னைத் திட்டினீர்களே, அந்தப் பேனா. அது நீங்கள் உட்காருகிற பக்கத்தில்தான் கிடந்தது, சொல்லிவைக்கிறேன். மேல்பலகையில் ஓர் இடம் குழிந்திருந்தது. ஆசாரி தடவிப் பார்த்து, "இங்க என்ன வெச்சிருந்தீங்க?" என்று கேட்டார். உங்கள் முழங்கை என்று சொன்னேன். அவருக்குப் புரியவில்லை.

அந்தத் துண்டை மட்டும் அறுத்து வைத்துக்கொண்டேன்.

இப்போது கூரை வரை கண்ணாடி. பேசுவதற்கு மைக். மருந்து கொடுக்கக் கீழே ஒரு தட்டு. நீங்கள் சொன்னபடியேதான் ஆனது. கணக்கு வாத்தியார் வந்து மைக்கில் வாயை வைத்து வயிற்றுப் பூச்சிக்கு மருந்து என்று கத்தினார், செருப்புக்கடை வரை கேட்டது. இரண்டு பெண்கள் எதுவும் சொல்லாமல் பஞ்சு வாங்கிக்கொண்டு போனார்கள். என்னால் அவர்களைக் கூப்பிட முடியவில்லை.

ஆனால் அண்ணி, கை நடுங்கவில்லை. நேற்று கீழ்த்தட்டிலிருந்து குனிந்து மருந்து எடுத்தேன். எடுத்த பிறகுதான் குனிந்ததே தெரிந்தது. மாத்திரை எண்ணும்போது பாட்டுக்கூட வந்தது. கடையை மூடவில்லை.

உங்கள் நாத்தனார்


ஏப்ரல் 12

அடியே,

பேனா விஷயத்தில் நான் மன்னிப்புக் கேட்பேன் என்று கனவு காணாதே. அதை நீதான் அங்கே உருட்டிவிட்டிருப்பாய்.

நான் இப்போது கைத்தடி இல்லாமல் நடக்கிறேன். நர்ஸ் நான் போன சந்தோஷத்தில் இருப்பாள்.

கவுண்டர் போய்விட்டது என்று படித்ததிலிருந்து கடை திறந்த நாள்தான் நினைவில் ஓடுகிறது. கையில் இருந்ததுக்கெல்லாம் மருந்து வாங்கியும் அலமாரியில் பாதி காலி. பார்க்க அசிங்கமாக இருக்கும் என்று உங்கண்ணன் மொத்தவியாபாரியிடம் காலி அட்டைப்பெட்டிகளைக் கெஞ்சி வாங்கிவந்து அடுக்கினார். முதல் ஆளாக வந்தவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு அந்தக் காலிப் பெட்டியையே காட்டி "அது ஒண்ணு குடுங்க" என்றாரே! உன் முகத்தில் ஈயாடவில்லை. உங்கண்ணன் பின்கதவு வழியாக சைக்கிளில் பறந்தார். அவர் திரும்பி வரும்வரை அந்த மனுஷனை நான் பேச்சிலேயே உட்கார வைத்தேன். அவருடைய மூன்று பெண்களின் கல்யாணக் கதையும் கேட்டேன். அவர் போனதும் நாம் மூன்று பேரும் தரையில் உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம். அப்படி ஒரு சிரிப்பு அப்புறம் என் வாழ்க்கையில் வரவேயில்லை.

அந்தத் தரையாவது இருக்கிறதா, அதையும் மானியத்தில் மாற்றிவிட்டாயா?

சரி. ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. கண்ணாடி வந்தாயிற்று, பூட்டு வந்தாயிற்று. இனிமேல் பயம் எதற்கு? அவன் எங்கேயோ போய்விட்டான். மிச்சமிருப்பது உன் மனசில் இருக்கிற பயம்தான். அதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் பழையபடி இரு. நீ சின்ன வயசிலிருந்தே எதையும் பிடித்துக்கொண்டு விடமாட்டாய்.

உனக்குச் சீக்கிரமே ஒரு சந்தோஷம் காத்திருக்கிறது. இப்போது சொல்ல மாட்டேன்.

அண்ணி


மே 6

அண்ணி,

ஊர் போய்ச் சேர்ந்தீர்கள் என்று மருமகன் சொன்னான். நீங்கள் போனை வாங்கவில்லை. அதனால் எழுதுகிறேன்.

நீங்கள் வந்த அன்று டெலிவரிக்காரர் பின்கதவில் மணி அடித்தார். கேமராவில் அவர் முகத்தைப் பார்த்துத்தான் திறந்தேன். பெட்டிகளை இறக்கட்டும் என்று முதுகைத் திருப்பிக்கொண்டு மாத்திரை எண்ணிக்கொண்டிருந்தேன். கேமராவில் தெரியாதபடி நீங்கள் சுவரோரமாக நின்றதும், அவரிடம் வாயில் விரல் வைத்துக் காட்டியதும் எல்லாம் அவர் பிறகு அழுதுகொண்டே சொன்னதுதான்.

பின்னாலிருந்து இரண்டு கை என் கண்ணைப் பொத்தியது.

எத்தனை வருஷம் அந்தக் கை என் கண்ணைப் பொத்தியிருக்கும்? நான் கல்லூரியில் படிக்கும்போதே, நீங்கள் எங்கள் வீட்டுக்கு மருமகளாக வந்த புதிதிலிருந்தே பொத்தியிருக்கிறது. ஒருமுறையாவது யார் என்று தெரியாமல் போயிருக்கிறதா? அன்று தெரியவில்லை. கழுத்தில் கத்தி இருக்கிறது என்றே நினைத்தேன். கால் பட்டனை மிதித்தது. முழங்கையால் இடித்துத் தள்ளினேன். அந்தக் கூச்சல் என்னுடையது என்பதே நின்ற பிறகுதான் தெரிந்தது.

திரும்பிப் பார்த்தால் நீங்கள் தரையில் கிடக்கிறீர்கள். ஆபரேஷன் செய்த காலை மடக்கிக்கொண்டு.

அலாரம் அலறுகிறது. செருப்புக்கடைக்காரர் கையில் ஒரு பூட்ஸோடு ஓடி வருகிறார். போலீஸ் வந்துவிட்டது. "இவங்கதானா?" என்று கேட்டார்கள். என் அண்ணி என்றேன். "நல்லா பாத்து சொல்லுங்க" என்றார்கள். நீங்கள் தரையிலிருந்தே, "கடைல பாதி என்னோடது சார்" என்றீர்கள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

ஆனால் அதற்கப்புறம் நீங்கள் பேசவேயில்லை. இடுப்பில் ஒத்தடம் கொடுத்தபோதும் பேசவில்லை. ஒரு வாரம் இருக்க வந்தவர் மறுநாள் காலையிலேயே ரயிலேறிவிட்டீர்கள். ஜன்னல் வழியாக என் கன்னத்தைத் தொட வந்த கையைப் பாதியிலேயே இழுத்துக்கொண்டீர்கள். நான் பார்த்தேன்.

உங்களைப் பார்த்துப் பயந்தேன், அண்ணி. உங்களைப் பார்த்து. இதை நான் எப்படித் தாங்குவது? கோபம் என்றால் திட்டிவிடுங்கள். உங்களுடைய திட்டு எனக்குப் பழக்கம்தான். இந்த மௌனம் பழக்கமில்லை.

உங்கள் நாத்தனார்


மே 13

என் கண்ணு,

கோபமில்லை. இடுப்பில் கொஞ்சம் கன்றியிருக்கிறது, அவ்வளவுதான். டாக்டர் முழங்காலைப் பார்த்துவிட்டார், ஒன்றும் ஆகவில்லை. மகன்தான் என்னை இன்னும் திட்டிக்கொண்டிருக்கிறான்.

பேசாமல் இருந்தது வெட்கத்தால். எனக்கு வாயடைத்துப்போகும் என்று நீ எங்கே பார்த்திருக்கிறாய்?

நீ திரும்பினாயே, நான்தான் என்று தெரிவதற்கு முன்னால் ஒரு நொடி, அந்த முகத்தை நான் பார்த்தேன். உன்னை எத்தனையோ விதமாகப் பார்த்திருக்கிறேன். உங்கண்ணன் போன அன்றுகூட நீ அப்படி இல்லை. அந்த முகத்தோடுதான் நவம்பரிலிருந்து தினமும் கடை திறந்திருக்கிறாய். அதைப் போய் மனசில் இருக்கிற பயம், தூக்கிப் போடு என்று எழுதினேன். செருப்பில் ஒட்டின மண்ணைத் தட்டிவிடச் சொல்கிற மாதிரி.

ரயிலில் யோசித்துக்கொண்டே வந்தேன். கண்ணாடி வேண்டாம் என்று நான் ஒற்றைக்காலில் நின்றது கடைக்கு வருகிற பெண்களுக்காக என்றுதான் நினைத்திருந்தேன். அது பாதிதான். நான் விட்டுவிட்டு வந்த இடம் நான் விட்டபடியே இருக்க வேண்டும் என்கிற ஆசை மீதி. பலகை முனக வேண்டும், குழி அங்கேயே இருக்க வேண்டும், நீ பழைய நீயாக அதற்குப் பின்னால் நிற்க வேண்டும். நான் இங்கே சாய்ந்து உட்கார்ந்துகொண்டு அதையெல்லாம் நினைத்துச் சந்தோஷப்பட வேண்டும். அங்கே தனியாக நின்றவள் நீ. கண்ணைப் பொத்தியதும் அந்த ஆசையில்தான். உன்னைப் பார்க்க வந்தேன் என்று சொல்லிக்கொண்டு பழைய உன்னைத் தேடி வந்திருக்கிறேன்.

கன்னத்தைத் தொட வந்து கையை இழுத்துக்கொண்டது உன்மேல் வருத்தத்தால் இல்லையடி. மறுபடி பயந்துவிடுவாயோ என்று.

ஜூன் முதல் வாரம் வருகிறேன். இந்த முறை ஒரு வாரத்துக்கு இல்லை. மகனிடம் சொல்லிவிட்டேன், அவன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறான், சரியாகிவிடும். நீ உள்ளே நின்று மருந்து கொடு. நான் கண்ணாடிக்கு வெளியே, வருகிறவர்கள் பக்கத்தில் நிற்கிறேன். பஞ்சு வாங்க வருகிற பெண்களின் கையைப் பிடித்து வாசல் ஓரமாக அழைத்துப் போய்க் கேட்க எனக்கு வாயும் காதும் இன்னும் இருக்கிறது. அந்த அதிகாரிப் பெண் இதற்கு என்ன எழுதுவாள் என்று பார்த்துவிடலாம்.

எந்த ரயில், எத்தனை மணி என்று முன்கூட்டியே எழுதுகிறேன். பின்கதவில் மணி அடிப்பேன். கேமராவுக்கு நேராக முகத்தை வைத்துக்கொண்டு நிற்பேன், இரண்டு கையும் தெரியும்படி. நீ கையில் இருக்கிற வேலையை முடி. நன்றாகப் பார். நான்தான் என்று கண்ணுக்குத் தெரிந்தால் போதாது, மனசுக்கும் தெரிந்த பிறகு திற. அதுவரை நான் வெளியிலேயே நிற்கிறேன்.

அண்ணி